ஒன்றாம் பிரதிக்குப் பொன்னாடை

குவைத்துக்குப் போக ஒரு சான்றிதழ் வேண்டும். என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். விண்ணப்பித்தேன். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன்.

ரைட்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "ஆஸ்பத்திரி கேஸுல ஒண்ணாம் பிரதி நீதானே?"

பிரதி என்றால் இங்கே குற்றம் சாட்டப்பட்டவன். மலையாளச் சொல். எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் தமிழ் பேசுகிற நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

"ஆமா."

"பின்ன எப்பிடி தர முடியும்?"

அவர் உளுந்து வடை தின்றுகொண்டிருந்தார். அதே விரலால் என் விண்ணப்பத்தை மடக்கித் திருப்பிக் கொடுத்தார். என் பெயர்மேல் எண்ணெய் படிந்திருந்தது.

என் மனைவி லிஜா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பித்தப்பையில் கல் என்றார்கள். சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நெடுஞ்சாலையில், இரண்டு பெட்ரோல் பங்குகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்த இரவு அவளுக்கு வயிறு வலித்தது. நர்ஸிடம் சொன்னேன். நர்ஸ் டூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். வாயுவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஊசி போட்டார்கள். வலி நிற்கவில்லை. மறுபடி போன் செய்தார்கள். மறுபடியும் வாயு என்றார்கள். விடியும்போது லிஜாவின் கை குளிர்ந்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்து வயிறு நிறைந்திருந்தது என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரி முன்னால் கூட்டம் சேர்ந்தது. நான் அங்கே இல்லை. பின்பக்கம், பிணவறை வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யாரோ தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

லிஜாவின் தம்பி ஜிஜின் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வாசல் கண்ணாடிமேல் எறிந்திருந்தான். ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் கையில் சில்லு கிழித்தது. தையல் போட வேண்டிவந்தது. அதன்பிறகு யார் யாரோ உள்ளே ஏறினார்கள். கட்சிப் பையன்கள். என்னையும் லிஜாவையும் அறியாதவர்கள். கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டார்கள். அதைப் போனில் நேரலையாக விட்டார்கள். பேசுவதற்கு முன் ஒருவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வது அதில் தெரிகிறது.

ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அட்மிஷன் தாளில் இருந்த பெயர். கூட இருப்பவர் விபின், கணவர், ஊர் கொல்லயில். அதையே போலீஸுக்குக் கொடுத்தார்கள். நான் ஒன்றாம் பிரதி ஆனேன். ஒரு வீடியோவில் முகம் தெரிந்ததால் ஜிஜின் இரண்டாம் பிரதி. மீதி, கண்டால் அறியக்கூடிய இருபது பேர். அந்த இருபது பேரை இன்றுவரை யாரும் கண்டதில்லை, அறிந்ததுமில்லை.

ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் இங்கே தனிச் சட்டம். எளிதில் ஜாமீன் கிடைக்காது. லிஜாவை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் என்னைக் கொண்டுபோனார்கள். ஜெயிலில் நானும் ஜிஜினும் ஒரே அறை. அங்கே கொடுத்த மீன்குழம்பு நன்றாக இருந்தது. தின்றேன்.

வெளியே வந்ததும் மருத்துவக் கவுன்சிலுக்கு அந்த டூட்டி டாக்டர்மேல் ஒரு புகார் எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகு ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலை போனது. வீட்டில் இருந்தேன். குவைத்தில் ஒரு கம்பெனி கணக்கு எழுத ஆள் கேட்டது. எம்.காம். போதும் என்றார்கள். யாரும் என்னை அறியாத இடம். அது போதும் என்று நானும் நினைத்தேன்.

*

தங்கப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முன்னாள் பஞ்சாயத்து மெம்பர். தோற்று வருடங்களாகியும் எல்லோருக்கும் அவர் மெம்பர்தான். வேலித் தகராறு, கல்யாண முறிவு, விபத்துக் கேஸ் எதுவானாலும் நடுவில் உட்கார வருவார். கழுத்து மடிப்பில் பவுடர் திரிதிரியாகத் தேங்கி நிற்கும். என் அப்பா ராஜதாஸ் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாயாவும் பழம்பொரியும் வந்தன.

"மக்கா, நீ போவணும்" என்றார் தங்கப்பன். "இந்த சுவரையே பாத்துட்டு இருந்தா தலைக்கு வட்டு பிடிக்கும்."

"போவ விடமாட்டேங்குதாவளே, மெம்பரே."

"விடுவாவ. நான் பேசியாச்சு. எங்களுக்கு இவன்மேல ஒரு பராதியும் இல்லண்ணு ஆஸ்பத்திரிக்காரன் ஹைக்கோர்ட்டுல எழுதிக் குடுப்பான். கேஸு அதோட காலி. உனக்க பேரு பால்ல கழுவினது மாதிரி ஆயிரும்."

"பால்ல கழுவினா நாறும்."

"எலே, பேசாம இரு" என்றார் அப்பா.

தங்கப்பன் சிரித்தார். பழம்பொரியின் நார் ஒன்று பல்லிடுக்கில் மாட்டியிருந்தது. நாக்கால் அதைத் துழாவிக்கொண்டே பேசினார்.

"ஆஸ்பத்திரிக்காரனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. நீ கவுன்சிலுக்கு அனுப்பினியே ஒரு பராதி, அத எடுத்திரணும். அந்த டாக்டர் பிள்ளைக்கு அயர்லண்டுல வேல கிட்டியிருக்கு. நல்ல பேரு உள்ள டாக்டர் ஆக்கும்ணு கவுன்சில்காரன் ஒரு சர்ட்டிபிகேட்டு குடுக்கணும். உனக்க பராதி கெடக்குதுனால அவன் குடுக்க மாட்டேங்கான்."

"அவங்களுக்கும் சர்ட்டிபிகேட்டா?"

"ஆமா மக்கா. அவளுக்கும் போவணும், உனக்கும் போவணும். நீ அவளத் தொறந்து விடு, அவ உன்னத் தொறந்து விடுவா."

அவர் சொன்னது சரியாகப் பொருந்தியது.

"பிறகு நம்ம பள்ளியில ஒரு கேம்ப்" என்றார். பள்ளி என்றால் எங்கள் சபையின் கோயில். "லிஜாவுக்க ஆண்டு நினைவு வருதில்லியா, அண்ணைக்கு. லிஜா நினைவு இலவச மருத்துவ முகாம். எல்லாம் ஆஸ்பத்திரிக்க செலவு. சுகர், பிரஷர், கண்ணு. போதகர் அச்சனிட்ட பேசியாச்சு, அவருக்கு சந்தோஷம். நீ ஸ்டேஜில இருந்தா போதும். ஒரு பொன்னாடை போடுவாவ. ஒரு போட்டோ. ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிமேல உள்ள கோவம் தீரண்டாமா?"

"அவ்வளவுதானா?"

தங்கப்பன் சாயாவை முடித்தார். டம்ளரின் அடியில் ஊறிய சீனியை விரலால் வழித்து நக்கினார்.

"ஒரு வாக்குமூலம் உண்டு. ரெண்டாம் பிரதி குடிச்சிட்டு வந்து அக்கிரமம் காட்டினான், நான் தடுத்தும் கேக்கல்ல, ஆஸ்பத்திரிக்காவ எனக்க பெண்டாட்டிய நல்லாத்தான் நோக்கினாவ. இப்பிடி நாலு வரி."

"ஜிஜின் குடிக்கமாட்டான்."

"அண்ணைக்கு குடிச்சிருந்தாண்ணு வையி."

"எதுக்கு?"

"ஒருத்தனாவது வேணும்லா மக்கா. கண்ணாடி தானா உடையுமா? அந்தப் பிள்ளைக்க கை தானா கீறுமா? இன்ஷூரன்ஸ்காரனுக்கு ஒரு ஆளக் காட்டண்டாமா? சும்ம துக்கத்துல எறிஞ்சாண்ணு சொன்னா, துக்கம் எப்பிடி வந்துதுண்ணு கேப்பான். குடியெண்ணா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

அப்பா அப்போது சொன்னார். "ஜிஜினு எங்கயும் போவப் போறதில்லியே. ஜேசிபி ஓட்டதுக்கு போலீஸ் சர்ட்டிபிகேட்டு வேண்டாமே."

ஒரு நிமிடம் முன்னால் நான் நினைத்தது அதையேதான். என் தலைக்குள் அது நியாயமாக இருந்தது. அப்பாவின் வாயிலிருந்து வந்தபோது அழுகல் வாடை அடித்தது.

"யோசிச்சு சொல்லுறேன்" என்றேன்.

"யோசி. யோசிச்சிட்டு சரிண்ணு சொல்லு" என்றார் தங்கப்பன். போகும்போது மிச்சமிருந்த பழம்பொரியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

*

என் வக்கீல் விலாசினியைப் பார்த்தேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே மாடியில் அவருடைய அறை. தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"இது நல்ல ஆஃபர் ஆணு விபினே. ஆஸ்பத்திரி எதிர்க்காட்டி ஹைக்கோர்ட்டு கேஸை ரத்து செய்யும். மூணு மாசத்துல நீ ஃப்ரீ."

"ஜிஜின்?"

"அவன் தனியா நிக்கணும். உனக்க வாக்குமூலத்த அவனுக்கு எதிரா வைப்பாங்க. தண்டனை உறப்பு."

"கேஸை நடத்தினா?"

"நடத்தலாம். நாலு வருஷம், அஞ்சு வருஷம். கேஸு நடக்கும்போதே கோர்ட்டு அனுமதி வாங்கி வெளிநாட்டுக்கு போகலாம். ஆனா உனக்க கம்பெனிக்கு சுத்தமான பேப்பர் வேணுமே." டப்பாவை மூடினார். "நீ படிச்சவன். இதுல கண்ணீர் விட்டுட்டு இருக்காத."

நான் கண்ணீர் விடவில்லை. லிஜா இறந்ததிலிருந்து ஒரு முறைகூட இல்லை. அதைச் சொல்லவில்லை.

*

ஜிஜினைத் தேடி ஒற்றசேகரமங்கலத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களை வெட்டி யாரோ வீடு கட்ட மலையைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். செம்மண் புழுதிக்கு நடுவில் அவன் ஜேசிபியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான்.

"அத்தான், சோறு தின்னாச்சா?"

"ஆச்சு."

"பொய். மூஞ்சியப் பாத்தா தெரியாதா." டிபன் பாக்ஸைத் திறந்தான். மரச்சீனிக் கிழங்கும் சம்மந்திச் சட்னியும். ஒரே மூடியில் வைத்து இருவரும் தின்றோம். தின்றுகொண்டே சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடிச்சேன்ணா எழுதியிருக்கு?" அவன் சிரித்தான். "எனக்க அம்ம பாத்தா கொன்னிரும்."

"நீ என்ன சொல்லுத?"

"நான் என்னத்தச் சொல்ல? நான் எறிஞ்சதுதானே. நல்ல கனம் உள்ள தொட்டி. எப்பிடித் தூக்கினேன்ணு எனக்கே தெரியல்ல." கையை வேட்டியில் துடைத்தான். "அந்த ரிசப்ஷன் பிள்ளைக்க வீட்டுக்கு ஒருக்க போனேன், மாப்பு கேக்கலாம்ணு. கதவத் தொறக்கல்ல. அவளுக்கு இப்ப அங்க வேல இல்லியாம். கையில தையலோட டைப் அடிக்க முடியாதுண்ணு நிறுத்திட்டானுவ."

மூடியைக் கழுவி அவனிடம் கொடுத்தேன்.

"நீ அந்தப் பேப்பருல ஒப்பிடு அத்தான். போ. இஞ்ச கெடந்து என்ன செய்யப்போற? அக்கா வரப்போறாளா?"

"உனக்குத் தண்டனை கிடைக்கும்."

"கெடைக்கட்டு. சப் ஜெயில் எனக்கு பழக்கம்தானே." ஜேசிபியின் படியில் ஏறி நின்றான். அங்கிருந்து திரும்பிச் சொன்னான். "ஆனா அந்தக் குடிச்ச காரியத்த மட்டும் வெட்டச் சொல்லு. நான் தெளிஞ்ச புத்தியில எறிஞ்சது ஆக்கும்."

தங்கப்பனிடம் போனில் கேட்டேன். "அது முடியாது மக்கா. அதுல்லா மெயின்" என்றார்.

சரி என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. போனை வைத்த பிறகு போய் வாய் கொப்பளித்தேன்.

*

ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அதிகாரி ஸ்ரீஜித் என்று ஒரு பையன். என்னைவிட இளையவன். போட்டோ கேட்டான்.

"சிரிக்கிற போட்டோ வேணும் சார். ஹெல்த் கேம்ப் அல்லே. பல்லு தெரிஞ்சா நல்லது."

கல்யாணப் படம் ஒன்றை அனுப்பினேன். மறுநாள் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். லிஜா பல் தெரியச் சிரித்தாள். அவளுக்குமேல் ஆஸ்பத்திரியின் முத்திரை. கீழே இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர் உண்டு என்ற வாசகம். என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் தோளில் என் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

முகாம் அன்று பள்ளி ஹாலில் காலையிலேயே வரிசை நின்றது. பினாயில் வாடையும் கேக் வாடையும் கலந்து வந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ரத்தம் எடுத்தா வலிக்குமா?"

"சும்ம கிட்டுததுக்கு வலிச்சா என்ன?"

"மருந்தும் தருவாவளா?"

"ஒரு மாசத்துக்கு உண்டாம். சாயாவும் உண்டு. எல்லாம் லிஜா மோளுக்க புண்ணியம்."

"நல்ல பிள்ள. பாவம்."

"பாவம்தான். பிஸ்கட்டு கிரீம் உள்ளதா, சும்ம உள்ளதா?"

முன்வரிசையில் லிஜாவின் அம்மா புஷ்பபாய் இருந்தார். அவருக்குக் கண்புரை. ஆஸ்பத்திரி இலவசமாக ஆபரேஷன் செய்து தருவதாகச் சொல்லியிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அம்மா, அங்கயா ஆபரேஷன் செய்யப்போறீங்க?"

"கண்ணுதானே மக்கா" என்றார். "வயிறு இல்லியே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பார்வை மங்கிய கண்களால் என் முகத்தைத் தேடினார். நான் நகர்ந்துவிட்டேன்.

அந்த டூட்டி டாக்டர் அனகா வந்தார். ஒல்லியான, சின்ன வயதுப் பெண். கைத்தறிச் சேலை. நான் அவரை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். லிஜா இறந்த இரவு அவர் வரவேயில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்?

போதகர் ஜெபித்தார். தங்கப்பன் வரவேற்றார். ஆஸ்பத்திரி நிர்வாகி ஒருவர் சேவை பற்றிப் பேசினார். பிறகு டாக்டரை அழைத்தார்கள். அவர் மலையாளத்தில் பேசினார். நன்றாகப் பேசினார்.

அந்த நாளை என்னால் மறக்க முடியாது என்றார். எங்களைத் தாக்கினார்கள், எங்கள் சகோதரி ஒருத்தியின் ரத்தம் சிந்தியது என்றார். அன்று இரவு என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன் என்றார். ஆனால் துக்கத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த மேடையில் வைத்துச் சொல்கிறேன், விபினை நான் மன்னித்துவிட்டேன். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை.

ஹால் முழுக்கக் கை தட்டியது. விரல் நுனியில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தவர்கள்கூடத் தட்டினார்கள். போதகர் மைக்கை வாங்கினார். வேறு மதத்தில் பிறந்த ஒரு சகோதரி இன்று நமக்கு மன்னிப்பைக் கற்றுத் தந்தாள் என்றார். ஆமென் என்றார்கள். புஷ்பபாய் அழுதார். அப்பாவும் கண்ணைத் துடைத்தார்.

நான் அன்று பிணவறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். கையில் தையல் போட்ட பெண்ணை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மன்னிக்கிற உரிமை அந்த ஒருத்திக்குத்தான் இருந்தது. அதுவும் ஜிஜினை. அவள் கதவைத் திறக்கவில்லை. அது நேர்மையாக இருந்தது.

ஸ்ரீஜித் பொன்னாடையைப் பாலித்தீன் உறையிலிருந்து உருவினான். டாக்டர் அதை என் தோளில் போட்டார். கேமராவைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். திரும்பினேன். ஜரிகை கழுத்தை அறுத்தது. டாக்டரின் கையில் சானிடைசர் வாடை. லிஜாவின் கட்டிலடியில் இருந்த அதே வாடை. எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. விழுங்கிக்கொண்டே நின்றேன்.

*

போதகரின் அறையில் காகிதங்கள் தயாராக இருந்தன. ஆஸ்பத்திரியின் வக்கீல், ஸ்ரீஜித், தங்கப்பன், டாக்டர். விசிறி ஓடியது. தட்டில் கேக் துண்டுகள் வைத்திருந்தார்கள். தங்கப்பன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார்.

"இஞ்ச, இஞ்ச, பிறகு இஞ்ச. மூணு ஒப்பு. மூணு மாசம் கழிஞ்சா நீ குவைத்துல."

பேனாவை வாங்கினேன். "ஒரு காரியம்" என்றேன். "டாக்டர் மைக்கில இன்னொண்ணும் சொல்லணும். விபின் ஒண்ணையும் உடைக்கல்லண்ணு. விபின் அங்க இல்லண்ணு."

ஸ்ரீஜித் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தலையாட்டினார், இல்லை என்று.

"அது பற்றில்ல சார், முடியாது" என்றான் ஸ்ரீஜித். "அப்ப நாங்க கள்ளக்கேஸு குடுத்தோம்ணு ஆவும்."

"நான் உடைக்கல்லண்ணா டாக்டர் என்னை எதுக்கு மன்னிச்சாங்க?"

"எலே" என்றார் தங்கப்பன். வாயில் கேக் இருந்தது. "மன்னிப்பு கிட்டினா வாங்கிட்டுப் போவியா, எதுக்குண்ணு விசாரிச்சிட்டு நிப்பியா?"

சுத்தமாக வேண்டுமென்றால் முதலில் அழுக்காக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தின் ஏற்பாடு அதுதான். நான் செய்தேன், அவர்கள் மன்னித்தார்கள். ஜிஜின் குடித்தான், நான் தடுத்தேன். லிஜாவை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள், அவள் செத்துப்போனாள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் பொய். மூன்றிடத்தில் என் கையெழுத்து விழுந்தால் நான் யோக்கியன்.

டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணைக்கு ராத்திரி வார்டிலேருந்து உங்களுக்கு எத்தனை தடவ போன் வந்துது?"

அவர் ஸ்ரீஜித்தைப் பார்த்தார்.

"அதொக்கெ இப்ப எதுக்கு சார்" என்றான் ஸ்ரீஜித்.

"நான் ஒருத்திதான் இருந்தேன்" என்றார் டாக்டர். கொச்சைத் தமிழில், மெதுவாக. "நாலு மாடிக்கும் நான் ஒருத்தி. கேஷுவாலிட்டியிலும் நான்தான்..."

"மேடம், பேசண்டாம்" என்றார் வக்கீல்.

அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம் வேறொன்றைச் சொன்னார். "நீங்க ஒப்பிடாட்டி எனக்கு போக முடியாது. ப்ளீஸ்."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக முகச்சவரம் செய்யும்போதெல்லாம் பார்க்கிற முகம். எப்படியாவது இங்கிருந்து போய்விட வேண்டும், யார்மேல் மிதித்தாலும் சரி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்பு வந்தது. அதில் பாதி என்மேல்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டேன்.

"கவுன்சில்ல கேக்கும்போது அந்த நாலு மாடிக் காரியத்தச் சொல்லுங்க" என்று டாக்டரிடம் சொன்னேன். "அதை இஞ்ச உள்ள ஒருத்தரும் உங்களச் சொல்ல விடமாட்டாவ."

தங்கப்பன் எழுந்தார். "எலே, நில்லு. நீ என்னை நாறடிக்காத. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்த வாக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க, மெம்பரே."

அப்பா வாசலில் நின்றிருந்தார். கையில் சுகர் எழுதிய அட்டையும் ஒரு மாத மாத்திரையும்.

"ஒப்பிட்டியா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தார். திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று நினைத்திருக்க வேண்டும். மடியில் செருகிக்கொண்டு என்னிடம் பேசாமல் நடந்தார். வீடு வரைக்கும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் பேசவில்லை.

*

குவைத்துக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். புஷ்பபாயின் கண் ஆபரேஷனை ஆஸ்பத்திரி தள்ளிவைத்தது. பிறகு அழைக்கவில்லை. தனக்குப் பார்வை போனது என்னால்தான் என்று அவர் ஜிஜினிடம் சொல்லி அனுப்பினார். அவரை நான் திருவனந்தபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழி முழுவதும் திட்டினார். கண் தெரிந்த பிறகும் திட்டினார். பள்ளியில் என் பக்கத்து பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. மன்னிப்பை மறுத்தவன் என்று பெயர்.

கோர்ட்டில் குற்றப்பத்திரிகை வாசிக்கிற நாள் வந்தது. ஜிஜின் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தான். வராந்தாவில் கூட்டம். விலங்கு போட்ட ஒருவன் போலீஸ்காரரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ மண்டன் ஆக்கும் அத்தான்" என்றான் ஜிஜின். "குவைத்தையும் களஞ்சு. இப்ப நீயும் நானும் இந்தப் பெஞ்சத் தேய்க்கணும்."

"தேய்ப்போம்."

"எனக்காவண்ணு சொல்லிராத. நான் ஒப்பிடத்தான் சொன்னேன்."

"உனக்காவ இல்ல."

"பின்ன?"

அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி நின்றோம். விலாசினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு என்மேல் இன்னும் கோபம். கிளார்க் வாசித்தார். இன்ன நாள், இன்ன இடத்தில், ஒன்றாம் பிரதியும் இரண்டாம் பிரதியும் கண்டால் அறியக்கூடிய மற்றவர்களும் சேர்ந்து. என் பெயர் பலமுறை வந்தது. மாஜிஸ்திரேட் ஒரு நடுவயதுப் பெண். ஜலதோஷம் போலிருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி என்னைப் பார்த்தார்.

"குற்றம் செய்தீர்களா?"

வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அன்று அதே கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். ஆனால் போலீஸ் அதை என்னிடம் கேட்கவில்லை. என் வக்கீல் கேட்கவில்லை. தங்கப்பன், போதகர், டாக்டர், பெற்ற அப்பா, ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக யாருமே கேட்காத கேள்வி.

"இல்லை" என்றேன்.

அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும் வரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஜிஜினிடம் கேட்டார்.

"இல்ல" என்றான் அவன். கண் சிமிட்டாமல், என்னைவிடத் தெளிவாக.

வேறு தேதி கொடுத்தார்கள். படியிறங்கும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எலே, நீ எறிஞ்சியே."

"வக்கீல் சொன்னாவ, இல்லண்ணு சொல்லணும்ணு. உண்டுண்ணு சொன்னா இண்ணைக்கே கேஸு தீந்துபோவும். இல்லண்ணு சொன்னாத்தான் சாட்சியக் கூப்பிடுவாவளாம்." வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்காவ ஒவ்வொருத்தரும் இஞ்ச ஏறணும். அந்த டாக்டரும். அந்தக் கூண்டுல நிறுத்தி நாம கேப்போம், அண்ணைக்கு ராத்திரி எங்க இருந்தீங்கண்ணு. அதுக்குப் பிறகு நானே சொல்லிடுறேன், எறிஞ்சது நான்தாண்ணு."

"தெளிஞ்ச புத்தியில."

"பின்ன இல்லாம" என்றான். "வா, சாயா குடிப்போம். இந்த வராந்தாவுல மூத்திர நாத்தம் தாங்கல்ல."